நிரப்பாத கட்டம்

"தெரியாது" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருடைய முகம் மலர்ந்துவிடும். மற்றவர்களுக்கு எரிச்சல் வருகிற இடத்தில் அவருக்குச் சந்தோஷம் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "நீங்கள் எழுதினது சரியெண்டு ஆர் பாத்தது?" என்று எங்கிருந்தாவது வந்து கேட்பார் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நாங்கள் வேலை செய்தது கண்ணிவெடி அகற்றும் ஒரு நிறுவனத்தில். முல்லைத்தீவுக்குப் போகிற வழியில், வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாத ஒரு தகரக் கூரைக் கட்டடம். நான் வரைபடம் கீறுகிறவன். அவர் தரவுகளுக்குப் பொறுப்பு. எந்தக் காணியில் எந்தத் துண்டை எந்த நாளில் யார் துப்புரவாக்கினார், பிறகு அதை யார் மறுபரிசோதனை செய்தார் என்பதெல்லாம் அவருடைய கணினிக்குள் இருந்தன. அவர் சரி என்றால்தான் காணி உரியவர் கைக்குப் போகும்.

கதிரையில் அவர் இருந்து நான் கண்டது குறைவு. கணினிக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு எழும்பி நடக்கத் தொடங்குவார். யன்னல் வரைக்கும் போவார், திரும்புவார், என் மேசையைச் சுற்றுவார், பிளேன்ரீயை நடந்துகொண்டே குடித்து முடிப்பார். எனக்குக் கோடு கோணலாகிவிடும். "மிஸ், ஒரு இடத்தில நில்லுங்கோவன்" என்றால், "நிண்டா யோசனை நிண்டிடும்" என்பார். சும்மா இருக்கிற மனிதனையும் பதறவைக்கிற நடை அது.

ஒருமுறை என் மோட்டார்சைக்கிள் திறப்பைக் காணவில்லை. மேசையில்தான் வைத்தேன், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து என் முன்னால் நின்றார்.

"மேசையில வைச்சது இண்டைக்கு உங்களுக்கு ஞாபகமோ? அல்லது ஒவ்வொரு நாளும் வைக்கிறதால வைச்சனான் எண்டு நினைக்கிறியளோ?"

நான் எழும்பி வெளியே போய்ப் பார்த்தேன். திறப்பு சைக்கிளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

புளியங்குளம் சந்தியில் அவரோடு பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இப்ப வந்திடும்" என்று கடைக்காரர் சொன்னால், "நீங்கள் பஸ்ஸைக் கண்டனீங்களோ?" என்பார். அந்த மனிதர் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. அதற்குக் குறுக்கு விசாரணை. கடைசியில் மிஸ் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்குவார், பஸ் அவரைத் தாண்டிக்கொண்டு போகும். கலியாணம் பேசி வந்த வீட்டுக்காரர் பிள்ளைக்குச் சமையல் தெரியுமோ என்று கேட்க, தாய் ஓம் என்று சொல்ல, இவர் குசினிக்குள் இருந்து, "வைப்பன், நல்லா இருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது, சாப்பிட்டவையைக் கேளுங்கோ" என்றாராம். அந்தப் பேச்சு அதோடு சரி. இதை அவரே எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார்.

இப்படிப்பட்டவர் விடுப்பில் வவுனியாவுக்கு வீட்டுக்குப் போயிருந்த நாளில்தான் எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூசை வந்தது.

வெள்ளைத் துணி விரித்து வெடி தேடும் கருவிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மண் கிளறும் கம்பிகள், கத்தரிகள், தலைக்கவசங்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். களத்தில் வேலை செய்யும் பெண்கள் சேலை உடுத்தி வந்திருந்தார்கள். அவர்களை அந்தக் கனத்த கவசத்தோடு மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு அடையாளம் பிடிக்க நேரம் எடுத்தது. அப்போது எங்கள் முகாமையாளருக்கு ஒரு எண்ணம் வந்தது. அவரைச் சேர் என்போம். நல்ல மனிதர், அவசரக்காரர்.

"எங்கட பெரிய ஆயுதம் உள்ளுக்கல்லோ இருக்கு. அதையும் கொண்டுவாங்கோ."

பெரிய ஆயுதம் என்றது தரவுகள் இருக்கும் கணினி. அதை நிறுத்தாமல், மின்சாரம் இல்லாதபோது ஓட்டும் மின்கலப் பெட்டியோடும் பிரதி எடுக்கும் தட்டோடும் சேர்த்து அப்படியே தூக்கி வந்தார்கள். களத்தில் முதல் நாள் பதிந்து அன்று காலை அனுப்பியவை அதற்குள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. தேவாரம் பாடும்போது மின்கலப் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பாடுகிற பிள்ளைக்குச் சுருதி குழம்பியது. சேர் கண்ணைக் காட்ட, களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் எட்டி வயரைப் பிடுங்கினார். கத்தல் நின்றது, கணினியும் அணைந்தது. தேவாரம் அழகாக முடிந்தது, எல்லோரும் அவல் சாப்பிட்டோம்.

பிறகு கணினியைப் போட்டால் தரவுத்தளம் திறக்கவில்லை. நான் மிஸ்ஸுக்கு அழைப்பு எடுத்தேன். "ஒண்டும் தொடாதேங்கோ, வாறன்" என்றார். அதைச் சொல்ல நான் திரும்பும்போது சேர் ஏற்கெனவே பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். வாசிக்க முடியாதவற்றை நீக்கிவிட்டுத் தொடரவா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. சேர் ஓம் என்று அமத்தினார்.

மிஸ் வந்து சேர்ந்து, நடந்ததைக் கேட்டு, ஒருமுறை மட்டும் சத்தம் போட்டார். "ஏன் சேர் தொட்டனீங்கள்?" அவ்வளவுதான். அதன் பிறகு அந்தக் கணினித் தட்டின் முழுப் பிரதியையும் எடுத்து, மூலத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, பிரதியில் மட்டும் வேலை செய்தார். பிரதி எடுக்கும் தட்டும் வயர் பிடுங்கியபோதே கெட்டிருந்தது. ஒரு பழைய பிரதி வவுனியாவில் இருந்தது. அதற்குப் பிந்திய வாரங்கள்தான் சிதைந்திருந்தன. களத்தில் பதிவு செய்யும் கையடக்கக் கணினிகளோ அனுப்பி முடிந்ததும் தங்களைத் தாங்களே துடைத்துக்கொள்ளும் சாதி. கடதாசியை அந்த வருடம்தான் நிறுத்தியிருந்தோம்.

தரவுத்தளம் என்றால் ஒரு பெரிய அட்டவணை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. காணிகள் ஓர் அட்டவணையில் இருக்கும். அந்தக் காணிகளைப் பிரித்த துண்டுகள் இன்னொன்றில். துண்டுகளில் நடந்த மறுபரிசோதனைகள் மூன்றாவதில். ஒன்றை ஒன்று எண்ணால் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது எண்கள் அறுந்துபோயிருந்தன. உடைந்த தட்டுக்குள் இருந்து வரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. யாரோ, எங்கேயோ, ஏதோ ஒரு துண்டைப் பரிசோதித்திருக்கிறார், எந்தக் காணியில் என்று தெரியாது. இப்படிப்பட்டவற்றை அநாதை வரிகள் என்று சொல்வது அந்தத் தொழிலில் வழக்கம். நானும் சொன்னேன். அவர் நடையை நிறுத்தினார்.

"ஆரின்ரயெண்டு எங்களுக்குத் தெரியேல்லை. அவ்வளவுதான். அதுக்கு ஏன் அந்தப் பேர்?"

பிறகு அந்தச் சொல்லை நான் பாவிக்கவில்லை.

ஒரு வரியைத் துண்டோடு சேர்க்க அவருக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பரிசோதித்தவரின் இலக்கம் பொருந்தினால் போதாது, நேரமும் பொருந்த வேண்டும். நேரம் பொருந்தினால் இடத்தின் அளவும் பார்ப்பார். என் வரைபடங்களை வாங்கிச் சுவரில் ஒட்டி, அதற்கும் கணினிக்கும் இடையே நடந்தார். பொருந்திவிட்டால், "வந்திட்டார்" என்பார், ஏதோ விருந்தாளி படலையைத் திறந்த மாதிரி. யன்னலுக்கு வெளியே வானம் ஒவ்வொரு நாளும் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி. வன்னியில் அந்த நேரம் யாரும் ஒரு இடத்தில் இருக்கமாட்டார்கள். நெல்லுக்காரர் வயலுக்கு ஓடுவார்கள், மேட்டுக்காணிக்காரர் கச்சான் விதையை, அதுதான் நிலக்கடலையை, கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மாரியாயி அக்கா. விசுவமடுப் பக்கம், தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருடைய வாயில் இன்னும் தோட்டத்துப் பேச்சு இருந்தது. இரண்டு பிள்ளைகளோடு தமக்கையின் வளவில் ஒரு கொட்டில் போட்டிருந்தார். சொந்தக் காணியும் கிணறும் வெடி அபாயம் காட்டும் எங்கள் சிவப்புக் கட்டைகளுக்கு அப்பால் வருடக்கணக்காகக் கிடந்தன. பூசைக்கு முன்புதான் அந்த வேலை முடிந்து, கட்டைகளையும் கயிறுகளையும் பிடுங்கிக்கொண்டு குழு அடுத்த இடத்துக்குப் போயிருந்தது. கையளிக்கும் நாளும் சொல்லியாகிவிட்டது. அவர் விதைக் கச்சானை வாங்கி வைத்துவிட்டார்.

மிஸ் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீட்டார். மிஞ்சியது மாரியாயி அக்காவின் காணியில், கிணற்றை ஒட்டிய ஒரு நீளத் துண்டு. துப்புரவாக்கத் தொடங்கிய பதிவு இருந்தது. முடித்ததும் இல்லை, மறுபரிசோதித்ததும் இல்லை. சேரின் பழுதுபார்ப்பு விழுங்கியதில் அதுவும் போயிருக்கலாம். அல்லது அப்படி ஒன்று முதலிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். மூன்றாவது அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

சேர் வந்து பார்த்தார். "காணி முழுக்க முடிஞ்சது எல்லாருக்கும் தெரியும் மிஸ். ஒரு வரியைப் போட்டுவிடுங்கோ."

"நான் போட்டா அது என்ர வரி சேர். அந்த நிலத்தைப் பாத்தவையின்ர வரியில்லை."

"மழை துவங்கப் போகுது."

"ஓம். எனக்கும் தெரியுது."

எனக்குத் தாங்கவில்லை. அந்தக் குழு கட்டையைப் பிடுங்கினால் வேலை முடிந்தது என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். "முடிஞ்சது எண்டு நினைச்சும் பிடுங்கலாம்" என்றார், யன்னலுக்குப் போய்க்கொண்டே. அவருடைய முதுகைப் பார்த்து நான் மனதுக்குள் திட்டினேன். சொல்லக்கூடாத வார்த்தைகள்.

குழுத் தலைவி ரஞ்சினியைக் கூப்பிட்டார்கள். களத்திலிருந்து சேற்றுச் சப்பாத்தோடு நேரே வந்தாள். துணிச்சலான பெட்டை, தன் வேலையில் யாரும் குறை சொல்ல விடமாட்டாள்.

"நாங்கள்தான் செய்தனாங்கள். நானே ரெண்டாம் தரம் பாத்தனான்" என்றாள்.

"அந்தத் துண்டையோ?"

"எல்லாத் துண்டையும்."

"கிணத்தடியில நிண்டது ஞாபகமோ? அண்டைக்கு ஆர் பக்கத்தில நிண்டது? என்ன பிடிபட்டது?"

"ஆணி. கம்பித் துண்டு. எப்பவும் அதுதானே மிஸ்."

"எப்பவும் பிடிபடுறதைக் கேக்கேல்லை, ரஞ்சினி. அண்டைக்குப் பிடிபட்டதைக் கேக்கிறன்."

ரஞ்சினியின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தாள், சேரைப் பார்த்தாள். தான் பொய் சொல்வதாகச் சொல்கிறார்களோ என்று நினைத்திருப்பாள். "வேணுமெண்டா இப்பவே போய் அதுக்குள்ள நடந்து காட்டுறன்" என்றாள்.

"நீங்கள் நடப்பீங்கள். அதில எனக்குச் சந்தேகமில்லை" என்றார் மிஸ். "ஆனா நீங்கள் நடந்ததால அது துப்புரவான நிலமாகாது. அந்தத் துண்டை அண்டைக்குப் பாத்தனீங்களோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, உங்கட பேரில இப்பவே போடுறன்."

ஓம் என்ற ஒரு வார்த்தை. நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"தெரியாது மிஸ்" என்றாள் கடைசியில். குரல் உடைந்துவிட்டது. "எல்லா நாளும் ஒரே மாதிரிக் கிடக்கு. எனக்குத் தெரியாது."

மிஸ் அவளுடைய கையைப் பிடித்தார். "அதுதான் வேணும். இதைச் சொல்ல ஆருக்கும் வராது" என்றார். ரஞ்சினி கையை உதறிக்கொண்டு வெளியே போனாள். அந்தக் கட்டத்தில் மிஸ் ‘தெரியாது’ என்று பதிந்தார். கையளிப்பு நின்றது.

மழை பிடித்தது. சும்மா மழையில்லை, அந்த வருடம் விட்டு விட்டு மார்கழி வரைக்கும் அடித்தது. ஈர மண்ணில் கருவிகளை நம்ப முடியாது, அதனால் குழு போக முடியவில்லை. அலுவலகத்தில் யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. சேர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மிஸ் நடந்துகொண்டேயிருந்தார். ஊரில் விதைத்தவர்களின் கச்சான் பூத்துவிட்டது.

மழை விட்ட ஒரு காலையில் மாரியாயி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பை. நேரே மிஸ்ஸின் மேசைக்குப் போய் அதைக் கவிழ்த்தார். அவித்த கச்சான், ஆவி இன்னும் அடங்கவில்லை.

"வெதைக்கு வச்சிருந்ததுங்க. இந்த வருசம் போட நேரம் போயிருச்சு. வச்சா வண்டு தின்னுரும். அதான் அவிச்சுட்டேன். நீங்களும் தின்னுங்க."

நான் என் வரைபடத்துக்குள் தலையைப் புதைத்தேன். மிஸ் ஒரு கச்சானை எடுத்து, கோதுடைத்து, வாயில் போட்டு மென்றார். பிறகு இன்னொன்று. அவருடைய கண் கலங்கியிருந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

"நல்லா இருக்கக்கா" என்றார். "உங்களுக்கு ஒரு போகம் போனது என்னால. அது எனக்குத் தெரியும்."

"எங் காணில வெடி இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியாதக்கா."

"படிச்சவங்க சொல்ற பதிலா இது?" என்று கேட்டுவிட்டு மாரியாயி அக்கா போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் மனதுக்குள் எத்தனையோ தரம் மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன். அன்று வேறு ஒருவர் வாயால் கேட்டபோது எனக்கு மிஸ்ஸுக்காக நெஞ்சு வலித்தது. இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பது என்று இன்று வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மண் காய்ந்ததும் ரஞ்சினியின் குழு அந்தத் துண்டுக்குள் மறுபடியும் இறங்கியது. ஒவ்வொரு சாணாகத் தேடினார்கள். ஆணி வந்தது. கம்பித் துண்டு வந்தது. ஒரு தகரப் பேணி வந்தது. வேறு ஒன்றும் இல்லை. மறுபரிசோதனையிலும் இல்லை. மாரியாயி அக்காவின் நிலம் சுத்தமாக இருந்தது. ஐப்பசியிலேயே சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது.

ரஞ்சினி வந்து சொன்னபோது அவளுடைய குரலில் வென்ற தொனி இருந்தது. "ஒண்டுமில்லை மிஸ். அண்டைக்கே ஒண்டுமில்லை." மிஸ்ஸுக்கு வெட்கம் வரும் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம், நான் உட்பட. அவரோ, "ஒண்டுமில்லையோ? கடவுளே, ஒண்டுமில்லையோ?" என்று ரஞ்சினியைக் கட்டிப்பிடித்தார். பிறகு போய் அந்தக் கட்டத்தில் நாளையும் பெயரையும் பதிந்தார். அதற்கு அடுத்த வருடம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது எங்கே, யாரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டு நடக்கிறாரோ.

அவர் போவதற்கு முன், அந்தத் தை மாதத்திலேயே கையளிப்பு நடந்தது. காணியை உரியவரிடம் கொடுக்கும் முன், அதைத் துப்புரவாக்கியவர்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்டுவது எங்கள் வழக்கம். ரஞ்சினியின் குழு நடந்து முடிந்தது. சேர் சின்னதாக ஒரு பேச்சுப் பேசினார். மாரியாயி அக்கா மண்வெட்டியைப் பிடித்தபடி வேலியோரம் நின்றார். உள்ளே வரவில்லை.

"அன்னைக்கும் ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க" என்றார். "அப்புறம் தெரியாதுன்னீங்க. இன்னைக்கு மறுபடி ஒண்ணுமில்லங்குறீங்க. நான் எத நம்புறது?"

மிஸ் எங்களுக்குள் இருந்து விலகி, கிணற்றை ஒட்டிய அந்தத் துண்டுக்குள் போனார். நடுவில் நின்று திரும்பினார்.

"அக்கா, அண்டைக்கு எனக்குத் தெரியாது. இண்டைக்குத் தெரியும்."

"அன்னைக்கு இதுக்குள்ள வந்து இப்புடி நின்னுருப்பீங்களா?"

"மாட்டன்."

மாரியாயி அக்கா வேலியைத் தாண்டினார். மெதுவாக நடந்து மிஸ்ஸுக்கு எதிரே, ஒரு மண்வெட்டித் தூரத்தில் நின்றார். அந்த மண்ணில் யாரும் எதையும் ஓங்கிப் போட்டதில்லை. எங்கள் பெண்கள் அதை விரல் நுனியால் கிளறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார். எனக்குப் பக்கத்தில் ரஞ்சினி தன்னை அறியாமலே முகத்தைத் திருப்பினாள், நானும் திருப்பினேன், முழுதாக இல்லை. ஓங்கிய நிலையில் மாரியாயி அக்கா மண்ணைப் பார்க்கவில்லை. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மண்வெட்டி இறங்கியது. மாரியாயி அக்கா அதை இழுத்தெடுத்து மறுபடியும் ஓங்கினார், இந்த முறை மண்ணைப் பார்த்து.